பிலாட்டீஸ் செய்துவரும்போது எடைப் பயிற்சியும் தேவையா?

கார்முகில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு வயது 51. இரண்டரை ஆண்டுகளாக வாரத்திற்கு மூன்று நாள் ரீஃபார்மர் (ஸ்பிரிங் பூட்டிய நகரும் பலகை கொண்ட கருவி) பிலாட்டீஸ் வகுப்புக்குச் சென்றுவருகிறேன். சேர்ந்தபோது இருந்த இடுப்புவலி இப்போது அறவே இல்லை. தரையில் அமர்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்துவிடுகிறேன். தோள்கள் முன்னோக்கிக் குறுகியிருந்த பழைய நிலையும் மாறிவிட்டது. ஆகவே இந்தப் பயிற்சியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எலும்பின் அடர்த்தியை அளக்கச் சென்ற மாதம் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் கீழ்முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 1.9 என்று வந்தது. எலும்புப்புரை நோய் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் போகவில்லை, ஆனால் அடர்த்தி குறையத் தொடங்கிவிட்டது என்று விளக்கிய மருத்துவர், எடை தூக்கும் பயிற்சியைத் தொடங்கச் சொன்னார். ரீஃபார்மரில் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளுவதும் இழுப்பதும் எடைப் பயிற்சிதானே என்று கேட்டேன். "அது நல்லதுதான், ஆனால் எலும்புக்குப் போதாது" என்றார். அதற்கு மேல் கேட்க அங்கே நேரமில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது பயிற்றுநரின் முகம் வாடிவிட்டது. எடை தூக்கினால் தசைகள் குட்டையாகத் திரண்டுவிடும், பாடுபட்டுப் பெற்ற வளைவுத்திறன் போய்விடும், மூட்டுகள் தேய்ந்துவிடும் என்றார்; பிலாட்டீஸ் தசைகளை நீளமாகவும் மெலிதாகவும் ஆக்குவதால் பெண்களுக்கு அதுவே ஏற்றது என்றும் சொன்னார். வீட்டிலோ நிலைமை நேர்மாறு. பல ஆண்டுகளாக ஜிம்முக்குச் செல்லும் என் தம்பி, "அக்கா, நீ செய்வது படுத்துக்கொண்டு கைகால் நீட்டுவது. அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதே" என்கிறான். இருவருமே என் நலம் நாடுகிறவர்கள்.

இவற்றில் எது உண்மை, எது வெறும் வாய்வழி நம்பிக்கை என்பதைப் படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். குறிப்பாக, ஸ்பிரிங்கையும் இரும்பையும் எலும்பு ஏன் வேறுவேறாகப் பார்க்கிறது என்பது எனக்குப் புரிய வேண்டும்.


நடைபாதை (பதில்):

வணக்கம் சகோதரி. நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களையும், பிலாட்டீஸ் செய்பவர்களையும், எடை தூக்குபவர்களையும் அன்றாடம் பார்ப்பதால் உங்கள் குழப்பம் எனக்குப் புதிதன்று.

தசை நீளமாகும் என்ற பேச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றத் தவறான எண்ணங்கள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. வலது முழங்கையை மடித்து மேற்கைத் தசையை நன்றாக இறுக்குங்கள். முழங்கை மடிப்புக்கும் தசைத் திரட்சி தொடங்கும் இடத்துக்கும் நடுவில் இடது கை விரல்களை வைத்துப் பாருங்கள். சிலருக்கு ஒரு விரல்தான் நுழையும். சிலருக்கு இரண்டு, மூன்று விரல்கள்கூட நுழையும். அந்த இடைவெளியில் இருப்பது தசைநாண். தசை எவ்வளவு நீளம், தசைநாண் எவ்வளவு நீளம், அது எலும்பில் எங்கே பதிந்திருக்கிறது என்பதெல்லாம் பிறப்போடு வந்தவை. எந்த ஸ்பிரிங்கும் அந்தப் பதிவிடத்தை நகர்த்தாது, எந்த டம்பெல்லும் அதைக் குறுக்காது. தசை பருக்கலாம், மெலியலாம், வலுப்பெறலாம், வலுவிழக்கலாம். உங்கள் உருவத்தில் தெரியும் "நீளம்" பெரும்பாலும் நிமிர்ந்த முதுகினாலும் பின்வாங்கிய தோள்களாலும் வந்தது. அது உண்மையான பலன்தான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு.

எடை தூக்கினால் உடல் இறுகிவிடும் என்பதும் இப்படித்தான். மூட்டு அசையக்கூடிய முழு வீச்சிலும் எடையைத் தூக்கி இறக்கினால் வளைவுத்திறன் கூடுகிறது. இந்த வகையில் அது தசைநீட்சிப் பயிற்சிகளுக்கு ஏறத்தாழ ஈடாக நிற்கிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கால்களைச் சற்றே மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து, எடையை முழங்காலுக்குக் கீழே வரை மெல்ல இறக்கிப் பாருங்கள். தொடையின் பின்தசை எப்படி இழுபடுகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள். பாதி தூரம் மட்டும் இறக்கி ஏற்றுபவர்களுக்கு இந்தப் பலன் கிடைப்பதில்லை.

தசை திரண்டுவிடும் என்ற அச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரான் பெண்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. பெண்களுக்கும் பயிற்சியால் தசை கூடும். ஆனால் தொடங்கும் அளவே சிறியது என்பதால், மேடையில் நிற்கும் உடற்கட்டு வீராங்கனையைப் போல ஆவதற்குப் பல ஆண்டுத் திட்டமிட்ட உழைப்பும் உணவும் வேண்டும். அது தற்செயலாக யாருக்கும் நேர்வதில்லை.

இப்போது எலும்பு. எலும்பு உயிருள்ள திசு. அதனுள் இருக்கும் செல்கள், எலும்பு எவ்வளவு வளைகிறது, எவ்வளவு வேகமாக வளைகிறது என்பதை உணர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்த வளைவு நம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. வழக்கமாகப் பழகிய சுமைக்கு அவை அசைவதில்லை. வழக்கத்தை மீறிய சுமை, அதுவும் சட்டென்று ஏறும் சுமை வந்தால்தான் "இங்கே இன்னும் கட்ட வேண்டும்" என்ற செய்தி பிறக்கிறது. ரீஃபார்மரில் நீங்கள் பெரும்பாலும் படுத்திருக்கிறீர்கள் அல்லது மண்டியிட்டிருக்கிறீர்கள். படுத்த நிலையில் முதுகெலும்பு உங்கள் உடலின் எடையைத் தாங்கும் வேலையிலிருந்தே விடுபட்டுவிடுகிறது. ஸ்பிரிங்கின் எதிர்ப்போ வழுவழுப்பாகக் கூடி வழுவழுப்பாகக் குறைகிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு அது இதமானது என்பதற்கும், எலும்புக்கு அது போதிய செய்தியைத் தருவதில்லை என்பதற்கும் காரணம் ஒன்றே.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளிவந்த லிஃப்ட்மோர் ஆய்வை உங்கள் மருத்துவர் மனத்தில் வைத்திருக்கலாம். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், நேரடிக் கண்காணிப்பில் டெட்லிஃப்ட் (தரையிலுள்ள எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்கும் பிரெஸ் ஆகியவற்றைத் தங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த உச்ச எடையில் 80 முதல் 85 சதவீதத்துக்கும் மேல் வைத்து ஐந்தைந்து முறையாகச் செய்தார்கள். கம்பியைப் பிடித்துக் குதித்து ஏறித் தரையில் அழுத்தமாக இறங்கும் பயிற்சியும் இருந்தது. எட்டு மாதத்தில் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே மிதமான பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கு அது 1.2 சதவீதம் குறைந்தது. பின்னர் அதே ஆய்வாளர் குழுவினர், இந்தக் கடும் பயிற்சியைப் பிலாட்டீஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு பயிற்சித் திட்டத்தோடு ஒப்பிட்டபோதும் முதுகெலும்பின் அடர்த்தியில் எடைப் பயிற்சியே முன்னின்றது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அவ்வளவு எடையைத் தூக்கிவிடாதீர்கள். அந்தப் பெண்கள் முதல் சில வாரங்கள் முறையைக் கற்றுக்கொள்ளவே செலவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று, உங்களைப் பொறுத்தவரை இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். பிலாட்டீஸில் எதுவுமே ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் ஒரு தவறான நம்பிக்கைதான். மல்லாந்து படுத்து முதுகை வில்லாக வளைத்து எழும் ரோல்-அப், கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ரோல்-ஓவர் போன்றவை முதுகெலும்புக் கணுக்களின் முன்பகுதியை நசுக்கும் விசையைத் தருகின்றன. எலும்புப்புரை ஏற்கெனவே வந்துவிட்ட 59 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1984இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முன்னோக்கி வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் பின்னாளில் கணுக்கள் நசுங்கியிருந்தன. பின்னோக்கி நிமிரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 16 சதவீதம். சிறிய ஆய்வுதான், உங்கள் நிலையும் அவ்வளவு முற்றியதன்று. இருந்தாலும் உங்கள் ஸ்கேன் முடிவைப் பயிற்றுநரிடம் காட்டி, அந்த அசைவுகளை மாற்றித் தரச் சொல்லுங்கள்.


ஆழ்மூச்சு (பதில்):

கார்முகில் அவர்களுக்கு வணக்கம். நான் பத்தாண்டுகளாகப் பிலாட்டீஸ் கற்றுத்தருகிறேன். உங்கள் பயிற்றுநர் சொன்ன அந்த வாக்கியங்களை நானும் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் சொல்லியிருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கற்றுத்தந்தவர்கள் சொன்னார்கள், நான் திருப்பிச் சொன்னேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீளமான மெல்லிய தசை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் பார்த்தேன். இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாவாலும், ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நலிவாலும் துன்பப்பட்டவர். பின்னாளில் குத்துச்சண்டையும் ஜிம்னாஸ்டிக்ஸும் பழகியவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்த அவர், ஜெர்மானியர் என்பதால் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். 1920களின் நடுவில் நியூயார்க் சென்று பயிற்சிக்கூடம் தொடங்கினார். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் கண்ட்ரோலஜி, அதாவது கட்டுப்பாட்டுக் கலை. அவரது பழைய புகைப்படங்களில் தெரிவது அகன்ற மார்பும் திரண்ட தோள்களும் கொண்ட ஓர் ஆண். இது பெண்களுக்கான மென்மையான பயிற்சி என்ற எண்ணத்துக்கு அந்தப் படங்களே போதிய பதில். ஆனால் நியூயார்க்கில் அவரை நாடி வந்தவர்களில் நடனக் கலைஞர்கள் மிகுதி. அவர்கள் முன்பே நீண்ட கைகால்களும் ஒல்லியான உடலும் கொண்டிருந்ததால்தான் நடனத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பார்த்தவர்களோ அந்த உடல்வாகு பயிற்சியால் வந்தது என்று முடிவுகட்டிவிட்டார்கள். கூடைப்பந்து ஆடினால் உயரமாவோம் என்று நம்புவதைப் போன்றதுதான் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பிலாட்டீஸ் என்பது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், அதைத் தனியொருவர் வணிகக் குறியாக உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு யாரும் எந்த வகுப்புக்கும் இந்தப் பெயரை வைக்க முடிகிறது. ஓரிடத்தில் மூச்சும் மெல்லிய அசைவும். இன்னோரிடத்தில் வேக இசையோடு ரீஃபார்மரில் நாற்பத்தைந்து நிமிட ஓட்டம். "பிலாட்டீஸ் போதுமா" என்று கேட்பவரிடம், எந்தப் பிலாட்டீஸ் என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

ஸ்பிரிங்கைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நடைபாதை எலும்பின் பக்கத்திலிருந்து விடை சொல்லிவிட்டார். கருவியின் பக்கத்திலிருந்து நான் ஒன்று சேர்க்கிறேன். ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு எதிர்ப்பு கூடுகிறது. அசைவின் தொடக்கத்தில் லேசாக இருந்து முடிவில் கனக்கிறது. இது போதாதென்று, எல்லா அசைவிலும் ஸ்பிரிங் கூடினால் கடினம் என்றும் சொல்ல முடியாது. படுத்து இரு கால்களாலும் தள்ளும்போது நான்கு ஸ்பிரிங் மாட்டினால் கடினம், ஒன்று மாட்டினால் எளிது. ஆனால் கைகளைக் கம்பியில் ஊன்றி, கால்களை நகரும் பலகையில் வைத்து, உடலை ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் லாங் ஸ்ட்ரெட்ச் பயிற்சியில் இது தலைகீழ்: ஸ்பிரிங் குறையக் குறையப் பலகை கையைவிட்டு ஓடப் பார்க்கும், வயிற்றுத் தசைதான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதனால் "சென்ற ஆண்டு இவ்வளவு, இந்த ஆண்டு இவ்வளவு" என்று சுமையைக் கணக்கு வைத்துக்கொண்டு படிப்படியாக ஏற்றுவதற்கு ரீஃபார்மர் அவ்வளவு வசதியான கருவியன்று. எடைப் பயிற்சியின் பலமே அந்தக் கணக்கில் இருக்கிறது. இரண்டரை ஆண்டுக்கு முன் உங்கள் கால்கள் நடுங்கிய அதே ஸ்பிரிங்கில்தான் இன்றும் கால் தள்ளுகிறீர்கள் என்றால், முதல் சில மாதங்களில் வளர வேண்டிய தசை வளர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

நடுக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் தொடை படபடவென்று நடுங்கினால் தசை வளர்கிறது என்று பலரும் மகிழ்கிறார்கள். அது களைப்பின் அடையாளம், அல்லது பழக்கமில்லாத அசைவை நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதன் அடையாளம். அதை வைத்து வளர்ச்சியை அளக்க முடியாது.

நான் மூன்று ஆண்டுகளாகப் பார்பெல்லும் (இருமுனையிலும் எடை மாட்டிய நீண்ட கம்பி) தூக்குகிறேன். டெட்லிஃப்ட் கற்கத் தொடங்கியபோது, பழக்கத்தால் தொப்புளை உள்ளே இழுத்து, தூக்கும்போது மூச்சை முழுவதும் வெளியே விட்டேன். எடை ஏறியதும் முதுகு ஆடியது. கனமான எடைக்கு அந்த முறை பொருந்தாது என்று பின்னர் புரிந்தது. வயிறு, விலா, கீழ்முதுகு என்று சுற்றிலும் விரியும்படி மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் தட்ட வருவதுபோல் எல்லாப் பக்கமும் இறுக்கித் தூக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நெடுநேரம் அடக்காமல் இருப்பது நல்லது. நீங்களும் ஜிம்முக்குப் போனால் இந்த ஓர் இடத்தில்தான் தடுமாறுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். மற்றபடி தோள்பட்டையை எங்கே வைப்பது, இடுப்பை எப்படி நேராக்குவது என்பதெல்லாம் புதிதாக வருபவர்களைவிட உங்களுக்கு விரைவில் கைவரும்.


இரும்புத்தூண் (பதில்):

அக்கா, வணக்கம். உங்கள் தம்பி இடத்திலிருந்து பேசுகிறேன், ஏனெனில் அவர் சொல்வதைத்தான் நானும் பன்னிரண்டு ஆண்டுகள் சொல்லிவந்தேன்.

தோள்பட்டையில் வலி வந்து, தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியை நிறுத்த வேண்டியதானபோது, என் மனைவி அழைத்ததால் ஒரு பிலாட்டீஸ் வகுப்புக்குப் போனேன். ஹண்ட்ரட் என்னும் பயிற்சியைச் செய்யச் சொன்னார்கள். மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி நிறுத்தி, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கைக்கு விட்டு, நூறு வரை கைகளை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நூற்று எண்பது கிலோ டெட்லிஃப்ட் செய்யும் என்னால் நாற்பதைத் தாண்ட முடியவில்லை. கழுத்துதான் வலித்தது, வயிறு வேலை செய்யவே இல்லை. ஒரு பக்கமாகப் படுத்து மேல்காலை மெதுவாக வட்டமிடச் சொன்னபோது இடதுபக்கம் ஒரு மாதிரியும் வலதுபக்கம் ஒரு மாதிரியும் இருந்ததைப் பயிற்றுநர் சுட்டிக்காட்டினார். இத்தனை ஆண்டு ஸ்குவாட்டில் அந்த வேறுபாடு பார்பெல்லின் கீழே மறைந்துகொண்டிருந்தது.

ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள்: கைகால் நீட்டுவது என்று சொல்வது நியாயமில்லை. தசைநீட்சி அதில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி, ஓர் உறுப்பை அசையாமல் நிறுத்திவைத்து இன்னொன்றை அசைக்கும் கட்டுப்பாடு. அதே சமயம், வயிறு, முதுகு, இடுப்பு சேர்ந்த நடுவுடல் வலிமை பிலாட்டீஸுக்கு மட்டுமே சொந்தம் என்பதையும் ஏற்க மாட்டேன். கனமான ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்ட்டிலும் முதுகை நிமிர்த்தும் தசைகள் கடுமையாக உழைக்கின்றன. முதுகுவலியைப் பொறுத்தும், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் 10 ஆய்வுகளில் 510 பேரின் முடிவுகளைத் தொகுத்தபோது, ஏதும் செய்யாமலோ மிகக் குறைந்த சிகிச்சையோடோ இருப்பதைவிடப் பிலாட்டீஸ் மேல் என்றும், மற்ற உடற்பயிற்சிகளைவிட அது உயர்ந்தது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் தெரிவித்தது. உங்கள் வலி தீர்ந்தது உண்மை. இன்னொரு முறையான பயிற்சியிலும் அது தீர்ந்திருக்கலாம்.

மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் அடிப்படை குறைவு. போட்டிக்காகப் பளுதூக்குபவர்களிடையேகூட ஆயிரம் மணி நேரப் பயிற்சிக்கு ஏறத்தாழ 1 முதல் 4 காயங்கள்தான் பதிவாகின்றன. பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் இதைவிடக் கூடுதல். காயம் வருவது பெரும்பாலும் எடையை அவசரப்பட்டு ஏற்றும்போதுதான்.

எங்கள் பக்கத்து மூடநம்பிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தசை கூடினால் சும்மா இருக்கும்போதே கொழுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்று ஜிம்மில் பெரிதாகச் சொல்வார்கள். ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்குச் செலவிடுவது ஏறத்தாழ 13 கலோரிதான். எடை குறைப்பதற்காக இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.


கார்முகில்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடைபாதை அவர்கள் எழுதியதைப் படித்ததும் என் வகுப்பை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் ரோல்-அப் பத்து முறையாவது செய்திருக்கிறேன், ரோல்-ஓவரும் உண்டு. பயிற்றுநரிடம் ஸ்கேன் முடிவைக் காட்டினேன். அவர் உடனே ஏற்றுக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகக் குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் ஸ்வான் பயிற்சியைக் கொடுத்தார். தம்பிக்கும் இந்தத் திரியைப் படிக்கக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை தன்னோடு ஜிம்முக்கு வரச் சொன்னான்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மூன்று நாள் பிலாட்டீஸை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு நாள் எடைப் பயிற்சியைச் சேர்ப்பதா, அல்லது ஒன்றைக் குறைப்பதா? எந்த எடையில் தொடங்குவது?


நடைபாதை:

பயிற்றுநர் உடனே மாற்றிக்கொடுத்தது மகிழ்ச்சி அளிக்கிறது. ஐந்து நாளும் பயிற்சி என்றால் முதல் மாதத்திலேயே களைத்துப்போவீர்கள். பிலாட்டீஸை இரண்டு நாளாகக் குறைத்து, எடைப் பயிற்சியை இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளியோடு வையுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைக்கும் இது பொருந்துகிறது. நடைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

எடையைக் கிலோவில் நான் சொல்வது சரியாக இருக்காது. ஓர் எடையைப் பத்து முறை தூக்கிய பிறகு, இன்னும் மூன்று முறை நல்ல முறையில் தூக்க முடியும் என்று தோன்றினால் அதுவே தொடக்க எடை. பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் அடுத்த முறை சற்று ஏற்றுங்கள். நான்கைந்து மாதத்தில் ஐந்தாறு முறைக்கு மேல் தூக்க முடியாத எடைக்கு வந்து சேரலாம், ஆனால் அந்தக் கட்டத்தில் முறையைப் பார்த்துத் திருத்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தில் மீண்டும் ஸ்கேன் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். எலும்பு தன்னைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் ஒரு சுற்றுக்கே நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், அதற்குள் வரும் மாற்றம் கருவியின் அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும். வழக்கமாக ஓர் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம். முடிந்தவரை அதே கருவியில் எடுங்கள்.


கார்முகில்:

ஒன்பது வாரம் ஆகிறது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். கெட்டில்பெல்லை (கைப்பிடியுள்ள இரும்புக் குண்டு) மார்போடு அணைத்துச் செய்யும் ஸ்குவாட்டை 6 கிலோவில் தொடங்கினேன். இப்போது 14 கிலோவில் எட்டு முறை செய்கிறேன். டெட்லிஃப்ட் 30 கிலோவில் நிற்கிறது. ஆழ்மூச்சு அவர்கள் எச்சரித்தபடியே மூச்சில்தான் தடுமாறினேன். தொப்புளை உள்ளே இழுக்காமல் இருக்கக் கற்பதற்கு மூன்று வாரம் ஆயிற்று. குனிந்து தரையைத் தொடும்போது உள்ளங்கை முன்பு போலவே முழுதாகப் படிகிறது. சென்ற வியாழன் ரீஃபார்மரில் கால் தள்ளும்போது பயிற்றுநர் கேட்காமலே நான்காவது ஸ்பிரிங்கை மாட்டிவிட்டார், எடைப் பயிற்சியை எங்கே கற்கலாம் என்று தமக்காக என்னிடம் விசாரித்தார். அடுத்த ஸ்கேன் தேதியை அடுத்த ஆண்டு நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்; வந்ததும் முடிவை இதே இடத்தில் எழுதுகிறேன்.